கல்லூரியில் என்.சி.சி. சேர நினைக்கும் முதலாமாண்டு மாணவர்களுக்கு

கல்லூரியில் காலெடுத்து வைத்த முதல் மாதத்தில் பஸ் பாஸ், விடுதி அறை, வகுப்பு அட்டவணை என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது தேசிய மாணவர் படை என்னும் என்.சி.சி. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கதவு மூடிவிடுகிறது. கல்லூரி மாணவர்களுக்கான பயிற்சி மூன்று ஆண்டுகள் ஓடுகிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் 'பி' சான்றிதழ்த் தேர்வு, மூன்றாம் ஆண்டு முடிவில் 'சி' சான்றிதழ்த் தேர்வு. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிப்புகளும் மூன்றே ஆண்டுகள். இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தால் பட்டம் வாங்கும்போது கையில் 'பி' மட்டும் இருக்கும். பொறியியல், வேளாண்மை போன்ற நான்காண்டுப் படிப்புகளில் ஓராண்டு மிச்சம் இருப்பதுபோல் தோன்றும். கடைசி ஆண்டில் புராஜெக்டும் கேம்பஸ் நேர்காணலும் கழுத்தைப் பிடிக்கும்போது பரேடுக்குப் போக யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே எந்தப் படிப்பானாலும் முதலாண்டில், அதுவும் அறிவிப்பு வந்த வாரத்திலேயே போய் நிற்பதுதான் சரி.

வீட்டில் முதலில் எழும் கேள்வி, "பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?" என்பது. போக மாட்டார்கள். 1948-ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டமே, இதில் சேர்ந்தவர்களுக்கு ராணுவப் பணியாற்றும் கடமை எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. பயிற்சி முடித்து ஆசிரியராகலாம், வங்கிக்குப் போகலாம், தொழில் தொடங்கலாம். ராணுவத்துக்குப் போக வேண்டும் என்று நீங்களாக விரும்பினால், அதற்கு ஒரு நல்ல வழி இங்கே திறக்கிறது. அந்தச் சட்டத்தின் பிரிவை அச்சிட்டு எடுத்துப்போய் அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைகளின் வீட்டில் இது மிகவும் உதவும்.

கொஞ்சம் பின்னணி தெரிந்திருப்பது நல்லது. நேர்காணலில் கேட்பார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, எதில் சேர்கிறோம் என்று நமக்கே தெரிய வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் 1917-இல் பல்கலைக்கழகப் படை என்ற பெயரில் மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி தொடங்கியது. 1946-இல் பண்டித இருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு, நாடு முழுவதற்கும் ஒரே மாணவர் படை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி 1948-இல் என்.சி.சி. பிறந்தது. மறு ஆண்டே மாணவியர் பிரிவும், 1950-இல் விமானப் பிரிவும், 1952-இல் கடற்படைப் பிரிவும் வந்தன. 1962 சீனப் போருக்குப் பிறகு கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது, 1968-இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாக மாறியது. தமிழ்நாட்டுக்கு இதில் தனி வரலாறும் உண்டு. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, என்.சி.சி.யில் வழங்கும் இந்தி ஆணைகளுக்கான எதிர்ப்பும் அதில் இடம்பெற்றது. இன்றும் பரேடு மைதானத்தில் ஆணைகள் இந்தியில்தான் ஒலிக்கின்றன. அதற்காக இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, இருபது முப்பது ஆணைகள் காதில் பதிந்தால் போதும்.

பலர் என்.சி.சி.யையும் என்.எஸ்.எஸ்.ஸையும் குழப்பிக்கொள்கிறார்கள். என்.எஸ்.எஸ். என்பது காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம். கிராம முகாம், ரத்ததானம், மரம் நடுதல் என்று சமூகப் பணிகள் அதன் வேலை. இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் வேறு. சீருடை, அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, வரைபடம் படித்தல் ஆகியவை என்.சி.சி.யில் மட்டுமே. சில கல்லூரிகளில் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி முதல் பருவத்திலேயே படிவம் தருவார்கள். நண்பன் எதில் டிக் அடித்தான் என்று பார்த்து அடிக்காதீர்கள்.

முதல் வேலை: ஏ.என்.ஓ.வைத் தேடிப் பிடிப்பது

ஒவ்வொரு கல்லூரியிலும் என்.சி.சி.யை நடத்துகிறவர் ஒரு பேராசிரியர். அவரை ஏ.என்.ஓ. (அசோசியேட் என்.சி.சி. ஆபீஸர்) என்பார்கள். அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவர், லெப்டினன்ட், கேப்டன், மேஜர் போன்ற பதவியும் அவருக்கு உண்டு. பயிற்சி கொடுக்க, கல்லூரிப் பிரிவுகளைக் கவனிக்கும் என்.சி.சி. அலுவலகமான பட்டாலியனிலிருந்து ஹவில்தார், சுபேதார் போன்ற பணியிலுள்ள ராணுவத்தினர் வருவார்கள். அவர்கள் பி.ஐ. ஸ்டாஃப், அதாவது நிரந்தரப் பயிற்றுநர்கள். அவர்களுக்கு மேலே பட்டாலியனின் தலைவராகப் பெரும்பாலும் கர்னல் அல்லது லெப்டினன்ட் கர்னல் ஒருவர் இருப்பார். தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மூன்றுக்கும் சேர்த்து ஒரே இயக்ககம், சென்னையில் இருக்கிறது.

ஏ.என்.ஓ.வைப் பார்த்ததும் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஆர்மி விங்கா, நேவல் விங்கா, ஏர் விங்கா? இந்த ஆண்டு எத்தனை இடங்கள் காலி? தேர்வு எந்த நாள்? பரேடு வாரத்தில் எந்தெந்த நாள்? இடங்களைப் பற்றி ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கல்லூரிக்கும் மொத்தம் இத்தனை கேடட் (என்.சி.சி. மாணவர்) என்று வரம்பு உண்டு. மூன்றாமாண்டு மாணவர்கள் வெளியேறும்போது காலியாகும் இடங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கின்றன. அதனால் ஒரே கல்லூரியில் ஓர் ஆண்டு நிறையப் பேரை எடுப்பார்கள், மறு ஆண்டு வெகு சிலரையே எடுப்பார்கள். சுயநிதித் திட்டத்தில் நடக்கும் பிரிவாக இருந்தால் செலவுகள் எப்படி என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

விங்கைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலோருக்கு இருக்காது, கல்லூரியில் எது இருக்கிறதோ அதுதான். ஆர்மி விங் காக்கி, நேவல் விங் வெள்ளை, ஏர் விங் நீலம். அடிப்படைப் பயிற்சி மூன்றிலும் ஒன்றே. நேவல் விங்கில் படகு வலித்தல், பாய்மரம், கப்பல் மாதிரி செய்தல் சேரும். ஏர் விங்கில் விமான மாதிரி செய்தல் இருக்கும், சில இடங்களில் சிறு விமானத்தில் பறக்கும் அனுபவமும் கிடைக்கும்.

தாள்களை முன்பே சேர்த்து வையுங்கள்

ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், உங்கள் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் பாஸ்புக் நகல், மருத்துவத் தகுதிச் சான்று, ரத்த வகை, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், பெற்றோர் கையெழுத்து. இவ்வளவுதான். ஆனால் இதில் வழுக்கி விழுகிறவர்கள் ஏராளம். ஆதாரில் 'எஸ். முருகன்', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முருகன் எஸ்.' என்று இருந்தால் பதிவு செய்யும்போதே சிக்கல் தொடங்கும். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஆதாரைத் திருத்திவிட்டு வாருங்கள். சீருடைக்கான படி இப்போது நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும் முறைக்கு மாறியிருக்கிறது. ஆகவே கணக்கு அப்பா பெயரில் இருந்தால் பயனில்லை.

பள்ளியில் என்.சி.சி.யில் இருந்து 'ஏ' சான்றிதழ் வாங்கியவர்கள் அதையும் கொண்டு போங்கள். தேர்வில் முன்னுரிமை கிடைக்கலாம், பின்னால் 'பி' தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு.

தேர்வு நாள்

ஓட்டம், தண்டால், சிட்-அப், உயரம், எடை, கடைசியில் சில கேள்விகள். ஒவ்வொரு பட்டாலியனும் தன் அளவுகோலை வைத்திருக்கிறது. பெரும்பாலும் பையன்களுக்கு 1600 மீட்டர் ஓட்டம் இருக்கும். பிளஸ் டூ தேர்வுக்காக ஓராண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பு முதல் நாளே நான்கு சுற்று ஓடாது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து காலையில் அரை மணி நேரம் ஓடுங்கள். முதல் வாரம் ஓட்டமும் நடையும் மாறி மாறி, அடுத்த வாரம் நிற்காமல். தேர்வு நாளில் புது ஷூ போடாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். கண்ணாடி போட்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம், கேடட்டாகச் சேர அது தடையல்ல.

"ஏன் சேர விரும்புகிறாய்?" என்ற கேள்விக்கு மனப்பாடம் செய்த தேசபக்தி வசனம் சொல்கிறவர்களை அதிகாரிகள் எத்தனையோ பார்த்திருக்கிறார்கள். போலீஸ் வேலைக்குப் போக ஆசை, கூச்சம் போக வேண்டும், அண்ணன் என்.சி.சி.யில் இருந்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உண்மையான பதிலுக்கு மதிப்பு அதிகம்.

பரேடு

முதல் இரண்டு மாதங்கள் கடினம், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. விடுமுறை நாள் காலையில் எல்லோரும் தூங்கும்போது மைதானத்தில் நிற்க வேண்டும். 'ஃபாலின்' என்றதும் ஓடி வந்து வரிசையில் நிற்பதில் தொடங்கி 'சாவ்தான்' (நேராக நில்), 'விஷ்ராம்' (தளர்ந்து நில்) என்று நிற்கும் முறைகளைக் கற்றுக்கொடுப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வெறும் நிற்பது. உள்ளே போனால்தான் எத்தனை விவரம் இருக்கிறது என்று தெரியும். சாவ்தானில் குதிகால்கள் ஒட்டியிருக்க வேண்டும், கால் விரல்களுக்கு இடையே 30 பாகை, முழங்கால் இறுக்கம், கை முட்டி மூடி, கட்டைவிரல் கால்சட்டைத் தையலோடு ஒட்டியபடி, பார்வை நேராக. விஷ்ராமில் இடது கால் மட்டும் நகர்ந்து 12 அங்குல இடைவெளி. 'தேஜ் சல்' (விரைந்து நட) சொன்னதும் இடது கால்தான் முதலில் போக வேண்டும். இடது காலோடு இடது கையும் சேர்ந்து முன்னால் போவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும். பதற்றத்தில் உடம்பு அப்படிச் செய்யும். அறையில் கண்ணாடி முன் மெதுவாகப் பழகினால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

வருகைப் பதிவேட்டில் ஒரு கண் வையுங்கள். சான்றிதழ்த் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். பரேடுக்கு வந்தும் பெயர் விடுபட்டுப் போகலாம், மாதம் ஒருமுறை ஏ.என்.ஓ. அறையில் போய்ச் சரிபார்ப்பது நல்லது. கல்லூரி நேரத்தில் பரேடோ விழாவோ இருந்தால், அதற்காகத்தான் வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் வாங்கித் துறைத் தலைவரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள். பருவ முடிவில் வகுப்பு வருகை குறைந்தபின் பழைய ஓ.டி.யைத் தேடி அலைவது வேதனை. பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் என்.சி.சி.யை விருப்பப் பாடமாகச் சேர்க்கும்படி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அது நடைமுறையில் இருந்தால் பயிற்சிக்கு கிரெடிட்டும் கிடைக்கும், விசாரியுங்கள்.

சீருடையைப் பற்றி ஒரு சொல். சீருடையில் இருக்கும்போது பஸ் நிலையத்தில் சட்டையை வெளியே எடுத்துவிட்டுத் திரிவது, தொப்பியைத் தோள்பட்டையில் செருகிக்கொண்டு டீக்கடையில் நிற்பது கூடாது. பூட்ஸுக்கு முதலில் தூசி தட்டி, பாலிஷை மெல்லிதாகத் தடவிக் காயவிட்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஒரே நாளில் பளபளப்பு வராது, நான்காவது ஐந்தாவது முறையில்தான் பூட்ஸ் முனையில் முகம் தெரியும். பெல்ட்டின் பித்தளைக்கு பிராஸோ பாலிஷ்.

முகாம்

என்.சி.சி.யில் ஒருவர் நிலைப்பதும் விலகுவதும் முதல் முகாமில்தான் முடிவாகிறது. ஆண்டுப் பயிற்சி முகாம் பொதுவாகப் பத்து நாட்கள். 'பி' தேர்வுக்கு ஒரு முகாம் வேண்டும், 'சி' தேர்வுக்கு இரண்டு. இதை முதலாண்டிலேயே கணக்கில் வைத்து, கிடைக்கும் முதல் முகாமுக்கே போய்விடுங்கள். மூன்றாமாண்டில் முகாம் தேதியும் பருவத் தேர்வும் மோதிக்கொண்டு, ஒரு முகாம் குறைவதால் மட்டும் 'சி' எழுத முடியாமல் போகிற மாணவர்கள் இருக்கிறார்கள்.

விடிவதற்கு முன் விசில். உடற்பயிற்சி, காலை உணவு, டிரில் என்னும் அணிவகுப்புப் பயிற்சி, வகுப்பு, மதிய உணவு, துப்பாக்கிப் பயிற்சி, மாலையில் விளையாட்டு, இரவு ரோல்கால், அதற்குப் பிறகு கலை நிகழ்ச்சிக்கான ஒத்திகை. இட்லியும் சாம்பாரும் வீட்டு ருசியில் இருக்காது. கழிப்பறைக்கு வரிசை இருக்கும். வேறு வேறு கல்லூரிகளிலிருந்து, வேறு வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களோடு ஒரே கூடத்தில் படுக்க வேண்டும். மூன்றாம் நாள் இரவு வீட்டு நினைவு வந்து அழுகிறவர்கள் உண்டு, அது கேவலமல்ல. ஐந்தாம் நாளுக்குள் உடம்பு ஒத்துக்கொள்ளும்.

பையில் என்ன வேண்டும்? பெயர் எழுதிய தட்டு, டம்ளர், போர்வை, கொசு விரட்டி, நல்ல பூட்டு, ஊசி நூல், கூடுதல் பொத்தான்கள், குறைந்தது நான்கு ஜோடிக் காலுறைகள். இந்தக் கடைசிப் பொருளை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஈரக் காலுறையோடு நாள் முழுதும் பூட்ஸில் நின்றால் கொப்புளம் வந்து, பாதி முகாம் ஓய்வு அறையில் கழியும். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை போன்றவை இருந்தால் மறைக்காமல் சொல்லி, மருந்தையும் சீட்டையும் கொண்டு போங்கள். நகை வேண்டாம். கைபேசி விதி முகாமுக்கு முகாம் மாறும்.

துப்பாக்கி சுடுதலைத்தான் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள். புள்ளி இருபத்திரண்டு ரைஃபிளால் தரையில் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். நடுப்புள்ளியில் பட்டதா என்று முதலில் பார்ப்பதில்லை, எல்லாக் குண்டுகளும் ஓரிடத்தில் நெருக்கமாக விழுந்தனவா என்றுதான் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் குரூப்பிங். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைச் சட்டென்று இழுக்காமல் மெதுவாக அழுத்தினால் குரூப்பிங் தானாக வரும். ஆணை இல்லாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது, குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். இந்த இரண்டில் எவ்விதச் சலுகையும் இல்லை.

பாதுகாப்பு

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் போலி முகாம் நடத்தப்பட்டு, மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளான செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. அப்படி ஒரு முகாம் நடத்தப்படவே இல்லை என்று என்.சி.சி. அறிவித்தது. உண்மையான முகாம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் பொய்யை அடையாளம் காண முடியும். முகாமுக்கான உத்தரவு பட்டாலியனிலிருந்து எழுத்தில் வரும். முகாம் கமாண்டன்ட் பணியிலுள்ள அதிகாரியாக இருப்பார். பெற்றோர் ஒப்புதல் கேட்பார்கள். மாணவியருக்குத் தங்குமிடம் தனி, பெண் ஏ.என்.ஓ.வோ பெண் பயிற்றுநரோ அங்கேயே தங்குவார். இவற்றில் ஏதாவது ஒன்று இடித்தால் பட்டாலியன் அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். கேட்பதை உண்மையான அதிகாரி ஒருபோதும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சீனியர்கள் விஷயமும் இதோடு சேர்ந்தது. எஸ்.யூ.ஓ. (சீனியர் அண்டர் ஆபீஸர்), ஜே.யூ.ஓ. (ஜூனியர் அண்டர் ஆபீஸர்), சார்ஜென்ட் போன்ற ரேங்க் உள்ள சீனியர்கள் உங்களுக்கு ஆணையிடலாம், மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லலாம். அடிக்கவும், கொச்சையாகப் பேசவும், விடுதி அறையில் 'பயிற்சி' கொடுக்கவும் அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அப்படி நடந்தால் ஏ.என்.ஓ.விடம் சொல்லுங்கள். அங்கே காது கொடுக்காவிட்டால் கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு இருக்கிறது, பல்கலைக்கழக மானியக் குழுவின் இலவச எண் 1800-180-5522 இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்கள் 1098-ஐ அழைக்கலாம். பொறுத்துக்கொள்வதுதான் ராணுவ ஒழுக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

'பி', 'சி' தேர்வுகள்

தேர்வில் டிரில், ஆயுதப் பயிற்சி ஆகியவற்றோடு எழுத்துத் தாளும் உண்டு. தேசிய ஒருமைப்பாடு, முதலுதவி, பேரிடர் மேலாண்மை, தலைமைப்பண்பு எல்லாம் படித்தால் வந்துவிடும். ஆர்மி விங் மாணவர்கள் தடுமாறுவது வரைபடம் படித்தலில்தான். அதற்குத் தனியாக உழையுங்கள். வரைபடத்தில் ஓரிடத்தைக் குறிக்கும் ஆறு இலக்கக் கட்ட எண்ணை எடுக்கும்போது முதலில் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும், பிறகுதான் கீழிருந்து மேலாக. ஒரு கோயிலோ பாலமோ எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டு, அதன் இடது கோட்டின் எண்ணை எழுதி, கோட்டிலிருந்து அது பத்தில் எத்தனை பங்கு வலப்பக்கம் தள்ளியிருக்கிறது என்று மூன்றாம் இலக்கத்தைச் சேர்க்க வேண்டும். பிறகு கட்டத்தின் அடிக்கோட்டிலிருந்து மேல்நோக்கி அதேபோல் மூன்று இலக்கம். வரிசையை மாற்றினால் வேறு ஊருக்கே போய்விடுவீர்கள். பி.ஐ. ஸ்டாஃபிடம் பழைய வரைபடத் தாள் ஒன்று கேட்டு வாங்கி, நண்பனும் நீங்களும் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பழகுங்கள்.

வெறும் தேர்ச்சி போதும் என்று நினைக்காதீர்கள். 'சி' சான்றிதழில் உள்ள கிரேடுதான் அடுத்த கட்டத்தைத் தீர்மானிக்கிறது. ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டப் படிப்பில் 50 விழுக்காடும் வேண்டும். வயது 19 முதல் 25 வரை, திருமணமாகாதவராக இருக்க வேண்டும். இதற்கு யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லை. விண்ணப்பம் தேர்வானால் நேரே ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகள் தேர்வு வாரியம்) நேர்காணல். அதிலும் மருத்துவச் சோதனையிலும் தேறி, தகுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தால் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் 49 வாரப் பயிற்சி. ஆண், பெண் இருபாலருக்கும் இந்த வழி உண்டு. இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், ஆனால் முந்தைய ஆண்டுகளில் 50 விழுக்காடு இருக்க வேண்டும். ஆகவே முகாமைக் காரணம் காட்டி அரியர் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அதிகாரியாகும் ஆசையில் படிப்பைக் கோட்டைவிட்டால் அந்த ஆசையும் சேர்ந்தே போய்விடும்.

ஏர் விங்கில் 'சி' முடித்தவர்களுக்கு விமானப்படையின் பறக்கும் பிரிவில் 10 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அக்னிவீர் தேர்விலும், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் காவலர் தேர்விலும் என்.சி.சி. சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் உண்டு. எந்தத் தேர்வுக்கு எவ்வளவு என்பது அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையையே பாருங்கள்.

சான்றிதழ் பல மாதங்கள் கழித்துத்தான் வரும். அதற்குள் நீங்கள் கல்லூரியை விட்டுப் போயிருப்பீர்கள். கைபேசி எண் மாறினால் ஏ.என்.ஓ.விடம் சொல்லி வையுங்கள், இளையவர் ஒருவரோடும் தொடர்பில் இருங்கள். கைக்கு வந்ததும் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பதிவு எண், கிரேடு ஆகியவற்றைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் லேமினேட் செய்வதற்கு முன் பட்டாலியன் அலுவலகத்துக்கு எடுத்துப்போய்த் திருத்தித் தரக் கேளுங்கள்.